65 வயது வரம்பைத் திரும்பப் பெறுங்கள்: நம் சங்கத்தின் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சுற்றுலாக் குழு உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். 65 வயதைக் கடந்தவர்கள் இனிமேல் சங்கத்தின் வெளிநாட்டுப் பயணங்களிலோ, படகும் பேருந்தும் மாறி மாறி ஏற வேண்டிய உள்நாட்டுப் பயணங்களிலோ சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள் என்றும், ஜனவரியில் ஆண்டிஸ் மலை ஏரிகளைக் கடந்த நாளில் மூத்த உறுப்பினர்களால் ஏற்பட்ட தாமதமும் உடல்நலச் சிக்கலுமே இதற்குக் காரணம் என்றும் அதில் எழுதியிருக்கிறீர்கள். அன்று போன 22 பேரில் நானும் ஒருத்தி. எனக்கு வயது 69. அன்று நடந்தது வேறு. சுற்றறிக்கை உறுப்பினர் எல்லாருக்கும் போய்விட்டதால், என் பதிலும் எல்லார் கண்ணிலும் படும்படியாக இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அந்தப் பயணத்துக்கு வராதவர்களுக்காக வழியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அர்ஜெண்டினாவின் பாரிலோச்சே நகரத்திலிருந்து சிலியின் புவெர்த்தோ வாராஸ் ஊர் வரைக்கும், மூன்று ஏரிகளைப் படகிலும் இடைப்பட்ட மலையைப் பேருந்திலும் ஒரே பகலில் கடக்கும் வழி அது. பாரிலோச்சேயிலிருந்து 25 கிலோமீட்டர் பேருந்தில் போய், நவெல் வாப்பி ஏரியின் படகுத்துறையில் ஏறினோம். ஒரு மணி நேரத்தில் புவெர்த்தோ பிளெஸ்ட் வந்தது. அங்கே மூன்றே கிலோமீட்டருக்கு ஒரு பேருந்து, அடுத்து ஃபிரியாஸ் ஏரியில் இருபது நிமிடப் படகு, அக்கரையில் அர்ஜெண்டினாவின் குடிநுழைவுச் சாவடி. அங்கிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரெஸ் ரொசாலெஸ் கணவாயைத் தாண்டி, மண்சாலையில் இரண்டு மணி நேரம் இறங்கினால் பெயூயா என்ற சிற்றூர். சிலியின் குடிநுழைவும் சுங்கமும் அங்கே. மாலையில் தோதோஸ் லோஸ் சாந்தோஸ் ஏரியில் ஒன்றே முக்கால் மணி நேரம் படகு, பெத்ரோவேயில் இறங்கி மறுபடியும் பேருந்து. மூன்று படகு, நான்கு பேருந்து, இரண்டு நாட்டுக் குடிநுழைவு. பெயூயாவிலிருந்து பெத்ரோவேக்கு ஏரியோரமாகச் சாலையே கிடையாது. படகு ஒன்றுதான் வழி. நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் வாடகை வண்டி பிடித்து ஊருக்குத் திரும்பிவிட முடியாது. இப்படிப்பட்ட வழியில் ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் அந்த வழியைப் படித்திருக்க வேண்டும். என் குறை முழுவதும் இந்த ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது.

தாமதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்று எந்தப் படகும் நமக்காகக் காத்திருக்கவில்லை, எந்தப் படகையும் நாம் தவறவிடவும் இல்லை. காலை ஏழரைக்கு விடுதியிலிருந்து கிளம்பியவர்கள், பயண அட்டையில் அச்சிட்டிருந்தபடியே, இரவு எட்டரை மணியளவில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே புவெர்த்தோ வாராஸ் போய்ச் சேர்ந்தோம். நாம் இழந்தது பெயூயாவில் சாப்பிட்டு ஓய்வெடுக்க இருந்த நேரத்தில் ஐம்பது நிமிடம். சுங்கச் சாவடியில் நம் குழுவின் சமையல் பெட்டியைத் திறந்தபோது அதற்குள் கறிவேப்பிலைக் கட்டும் ஒரு போத்தல் தேனும் வறுக்காத எள்ளும் இருந்தன. விதை, பச்சை இலை, பழம், தேன், பால்பொருள், இறைச்சி ஆகியவற்றில் சிலி எவ்வளவு கண்டிப்பானது என்பது அந்நாட்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவத்திலேயே தெளிவாக இருக்கிறது. இருப்பதை இருக்கிறது என்று எழுதிக் காட்டினால் பொருள் போகுமே தவிரத் தண்டனை வராது. ஆனால் வண்டியை விட்டு இறங்குமுன், எல்லாரும் "இல்லை" என்றே குறியிடுங்கள் என்று நமக்குச் சொல்லப்பட்டது. பெட்டியைத் தம் பெயரில் கொண்டுவந்த உறுப்பினருக்கு வயது 43. அவர்மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. நம் எல்லாருக்கும் ஒரு வேளையாவது நம் சாப்பாடு கிடைக்கட்டும் என்றுதான் பினாங்கிலிருந்து அந்தச் சுமையைத் தூக்கி வந்தார். அதிகாரிகள் பொருள்களை எடுத்துக்கொண்டு, எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அந்த ஐம்பது நிமிடத்தை மூத்தவர்கள் கணக்கில் எழுதியது முறையா என்று உங்களையே கேட்கிறேன்.

அடுத்தது, "உடல்நலச் சிக்கல்" என்று இரண்டு சொல்லில் நீங்கள் முடித்துவிட்ட செய்தி. பட்டர்வொர்த்தில் துறைமுகத் தொழிலாளியாக முப்பது ஆண்டு உழைத்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் நம்முடன் வந்திருந்தார். வயது 67. தொழிற்சங்கத்தில் ஊறியவர். 1952-இல் சே குவேராவும் அவர் நண்பரும் பாரிலோச்சேயிலிருந்து இதே ஏரிகளைத் தாண்டித்தான் சிலிக்குள் போனார்கள் என்பதை எங்களுக்குச் சொன்னவரே அவர்தான். அந்தக் கணவாயை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் வைத்திருந்தவர். அவருக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய். அன்று விடியற்காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார். விடுதியில் கட்டிக்கொடுத்த காலைப் பொட்டலத்தில் இருந்த இறைச்சியை எடுத்துவிட்டால் மிஞ்சியது இரண்டு துண்டு ரொட்டி. அதற்குப் பிறகு பெயூயா போய்ச் சேரும் வரைக்கும், அதாவது பிற்பகல் ஒன்றரை மணி வரைக்கும், அவர் வாயில் எதுவும் படவில்லை. காரணம், சிலி எல்லையில் பிடிப்பார்கள், ஆகவே கையில் உண்ணும் பொருள் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று முதல் நாள் இரவு குழு சொல்லியிருந்தது. அவருடைய பிஸ்கட் பெட்டிக்குள் போய்விட்டது. பெட்டியோ காலையில் ஒப்படைத்ததோடு சரி, சுங்கச் சோதனையில்தான் மறுபடி கண்ணில் பட்டது. கடையில் வாங்கிய, பிரிக்காத பிஸ்கட்டையும் மிட்டாயையும் படிவத்தில் எழுதிவிட்டுக் கையிலேயே கொண்டுபோயிருக்கலாம் என்பதை எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

கணவாய்க்கு ஏறும் மண்சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டே போனது. வெளியே மழை. நாங்கள் எல்லாரும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தோம். அண்ணன் மடியில் இருந்த கடப்பிதழ் (பாஸ்போர்ட்) நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்து நீட்டினேன், வாங்குவதற்கு அவருடைய விரல்கள் கூடவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அந்தக் குளிரில் அவர் நெற்றி முழுக்க வியர்வை, சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னிருக்கையில் இருந்த அக்கா, ஓய்வுபெற்ற தாதி, எழுந்து வந்து ஒருமுறை பார்த்தார். "சீனி இறங்கிடுச்சு" என்றார். தம் சுருக்குப்பையிலிருந்து இரண்டு மிட்டாயைப் பிரித்து அவர் வாயில் வைத்தார், கன்னத்தில் அடக்கிச் சப்பச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கையில் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்ற கட்டளையை அவர் ஒருவர் மட்டும் மீறியிருந்தார். நாற்பது ஆண்டு மருத்துவமனையில் வேலை பார்த்தவருக்கு எதை மீற வேண்டும் என்று தெரிந்திருந்தது. கால் மணி நேரத்தில் அண்ணனுக்குத் தெளிவு வந்தது. எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். கணவாயைத் தாண்டிவிட்டோம், சிலிக்குள் வந்துவிட்டோம் என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழுவின் பொறுப்பாளர்கள் எல்லாரும் முன்னால் போன வண்டியில் இருந்தீர்கள். நடந்தது உங்களுக்குப் பெயூயாவில்தான் தெரியும். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இரண்டு வண்டியாகப் பிரிந்தபோது ஒருவராவது பின்வண்டியில் ஏறியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்த அக்காவுக்கு வயது 72. உங்கள் புதிய விதி அன்றே இருந்திருந்தால் நோயாளியும் வந்திருக்க மாட்டாரே என்று நீங்கள் பதில் சொல்லலாம். நம் 22 பேரில் இனிப்பு நீருக்கு மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் இருவர் இருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. இருவரும் அதே பொட்டலத்தைத்தான் சாப்பிட்டார்கள், அதே கட்டளைக்குத்தான் கட்டுப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த மலையில் அப்படி ஆகியிருந்தால், உங்கள் விதிப்படி அந்த அக்கா வண்டியில் இருந்திருக்க மாட்டார்.

சின்னச் சின்னக் கவனக்குறைவுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புவெர்த்தோ பிளெஸ்ட் பகுதியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காடு அவ்வளவு பச்சையாக இருப்பதே அதனால்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு மழைச்சட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனோம். சங்கத்தின் பெயர் போட்ட கறுப்புச் சட்டையை எல்லாரும் போட வேண்டும் என்றீர்கள். ஜனவரி மாதத்தில் அந்த ஏரிப் பகுதியில் மொய்க்கும் பெரிய குதிரை ஈக்கள் கறுப்பு நிறத்தைத்தான் தேடி வரும் என்று அங்குள்ளவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மதிய உணவு பயணச் சீட்டில் சேராது, முன்பதிவு செய்ய வேண்டும் என்பதும் பெயூயாவில் வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. மரக்கறி உண்பவர்கள் கீரையும் தக்காளியும் ரொட்டியும் சாப்பிட்டு எழுந்தோம். இவற்றில் எதுவும் யாருடைய வயதாலும் வந்ததல்ல.

"இந்த வயதில் இவ்வளவு தூரம் எதற்கு, நம் பினாங்குக் கொடிமலைக்குப் போய் வந்தால் போதாதா" என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். என் மனத்தை அதிகம் வருத்தியது சுற்றறிக்கையைவிட இந்தக் கேள்விதான், ஆகவே இதற்குக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

நவெல் வாப்பி ஏரியில் படகு போய்க்கொண்டிருந்தபோது ஒரு சிறு தீவுக்கு அருகே சங்கு மூன்று முறை ஒலித்தது. அது சென்தினெலா தீவு. பிரான்சிஸ்கோ மொரேனோ என்ற ஆய்வாளரின் உடல் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. தம் பணிக்காக அரசு தமக்குக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதியை, இது எல்லா மக்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 1903-இல் அவர் நாட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். இன்றைய நவெல் வாப்பி தேசியப் பூங்கா அதிலிருந்து வளர்ந்தது. அவர் நினைவாக அந்த இடத்தைக் கடக்கும் படகுகள் இப்படி ஒலி எழுப்புகின்றன. வழிகாட்டி இதைச் சொன்னபோது இளையவர்கள் பலர் மேல்தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் இருந்த நம் மூத்த பெண்கள் நான்கு பேர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அந்தத் தீவை நோக்கிக் கைகூப்பினார்கள். அவர்களில் ஒருவர் பிறந்தது தோட்டத்து லயத்தில்; தம் பெயரில் ஒரு துண்டு நிலம் வர ஐம்பது வயதுவரை காத்திருந்தவர். நிலத்தை ஒருவர் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நான் உடன் இருந்து பார்த்தேன்.

ஃபிரியாஸ் ஏரியின் நிறத்தை எந்தப் படமும் சரியாகக் காட்டவில்லை. துரோனதோர் மலையின் பனியாறு பாறையை மாவுபோல அரைத்துக் கொண்டுவந்து கரைப்பதால், அந்தத் தண்ணீர் ஒளி ஊடுருவாத இளம்பச்சையாக, பச்சைப் பாலைப்போல நிற்கிறது. பனிக்கட்டி சரிந்து விழும் ஓசை இடிபோலக் கேட்பதால்தான் அந்த மலைக்கு இடிமுழக்கம் என்ற பொருளில் பெயர் வைத்தார்களாம். 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த அதன் உச்சி மழை மேகத்துக்குள் மறைந்திருந்தது. ஆனால் மாலையில் கடைசி ஏரியில் வானம் வெளுத்து, ஒசோர்னோ எரிமலை பனிமுடியோடு முழுதாகத் தெரிந்தது. அப்போது அண்ணன் தாமாகவே மேல்தளத்துக்கு ஏறி வந்து, கம்பியைப் பிடித்தபடி பெத்ரோவே வரும் வரைக்கும் உட்காராமல் நின்றார். கொடிமலையின்மீது எனக்கு மிகுந்த அன்பு உண்டு. ஆனால் எங்கள் பணத்தில், எங்கள் காலில் போய்ப் பார்க்க விரும்புவதை, எங்களுக்குப் போதுமா போதாதா என்று முடிவு செய்யும் உரிமையைச் சங்கத்துக்கு நாங்கள் கொடுக்கவில்லை. தைப்பூசத்தன்று நம் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி இறங்குகிறவர்களை, வயதைக் காட்டிப் பேருந்துப் படியில் நிறுத்துவது நியாயமல்ல.

உங்கள் நோக்கம் கெட்டது என்று நான் கருதவில்லை. சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்த நேரத்தில் உட்கார்ந்து இந்தப் பயணங்களை ஒழுங்கு செய்கிறீர்கள். வெளியூரில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு இருப்பது புரிகிறது. அந்த அச்சத்துக்கு மருந்து வயது வரம்பு ஆகாது. அதே ஏரி வழியை, பெயூயாவில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் கடக்கலாம். அங்கே விடுதி இருக்கிறது, அப்படிப் போகிறவர்களும் நிறைய. அந்த ஏற்பாடு நமக்கு இருந்திருந்தால் அவசரம் பாதியாகக் குறைந்திருக்கும். அப்படி ஒன்று உண்டு என்பதே நாம் அங்கே போய், சாப்பாட்டு மேசையில் பக்கத்திலிருந்தவர்கள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இப்போது அடுத்த மாதப் பண்டிங் பயணத்துக்கும் அதே வரம்பை வைத்திருக்கிறீர்கள். தெமெங்கோர் அணையால் உருவான அந்த மலை ஏரி, நம் பினாங்கிலிருந்து காலையில் போய் இரவில் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கிறது. பேருந்தும் படகும் சேர்ந்த பயணம்தான் அதுவும். அங்கே போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில், கிரிக் அருகே, 2025 ஜூன் 9 அதிகாலையில் நடந்த பேருந்து விபத்தில் 15 பல்கலைக்கழக மாணவர்கள் உயிரிழந்தார்கள். எல்லாரும் இளம் பிள்ளைகள். அந்தச் செய்தியைக் கேட்டு இந்த நாட்டில் அழாத வீடு குறைவு. அந்தச் சாலையில் போகும்போது நாம் கேட்க வேண்டியது வண்டியின் நிலையையும் ஓட்டுநரின் ஓய்வையும் இருக்கை வாரையும் பற்றி. 2025 ஜூலை 1 முதல் சுற்றுலாப் பேருந்துப் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாகியிருக்கிறது. உங்கள் சுற்றறிக்கையில் வயது வரம்பைப் பற்றி ஒன்பது வரி இருக்கிறது. பேருந்தைப் பற்றியோ படகில் பாதுகாப்பு அங்கி இருக்குமா என்பதைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. 65 வயது வரம்பை, பண்டிங் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன்பே, எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள். அச்சுற்றறிக்கையில் மூத்த உறுப்பினர்களால் தாமதம் ஏற்பட்டது என்று எழுதிய வாசகத்தைத் திருத்தி, திருத்தத்தை அதே உறுப்பினர் அனைவருக்கும் அனுப்புங்கள். அந்த வாசகத்தால் தலைகுனிந்தவர்கள் ஒன்பது பேர். வயதைக் கேட்பதற்குப் பதிலாக, இனி பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், முப்பது வயதுக்காரராக இருந்தாலும், என்ன நோய்க்கு என்ன மருந்து எடுக்கிறார் என்பதை மூடிய உறையில் எழுதி வாங்கி, உடன் வரும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மருந்தும் சிறு தீனியும் மழைச்சட்டையும் கைப்பையில் இருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள். எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பாடு, எல்லையில் எது ஆகும் எது ஆகாது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். படித்துவிட்டு வருவதா வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம். வண்டி இரண்டானால் இரண்டிலும் ஒரு பொறுப்பாளர் ஏற வேண்டும். நெடும்பயணங்களில் ஒருநாள் வழி, இருநாள் வழி இரண்டும் இருந்தால் இரண்டின் விலையையும் எங்களுக்குக் காட்டுங்கள். பண்டிங் பயணத்துக்கு அமர்த்தும் பேருந்திலும் படகிலும் ஒவ்வோர் இருக்கைக்கும் வாரும் ஒவ்வோர் ஆளுக்கும் பாதுகாப்பு அங்கியும் இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு உறுதி கூறுங்கள்.

சுற்றுலாக் குழுவில் 65 வயதைக் கடந்த இருவருக்கு இடம் ஒதுக்குங்கள். அந்தத் தாதி அக்காவிடம் கேட்டுவிட்டேன், அவர் சம்மதித்திருக்கிறார். எல்லைப் படிவங்களைப் படித்து, தமிழில் எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். பண்டிங் பயணத்துக்கு அண்ணனும் நாங்கள் இருவரும் பெயரும் முன்பணமும் இந்த மடலோடு அனுப்பியிருக்கிறோம். முன்பணத்தைத் திருப்பி அனுப்பாமல், பற்றுச்சீட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஆயர் ஈத்தாம், பினாங்கு